சிங்கப்பூரில் சாலையைக் கடக்கும்போது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தோ பாயோ மகள்:

அம்மாவுக்கு 74 வயது. எதிர்ப்பக்கம் காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தைக்குப் போவதைக் கொஞ்ச காலமாகவே நிறுத்திவிட்டார். கேட்டால் முட்டி வலி என்பார். ஆனால் அதே முட்டியோடு கோவிலுக்குப் போய் மூன்று சுற்று சுற்றுவார். பிறகுதான் விஷயம் புரிந்தது. நடப்பவர் விளக்கில் பச்சை மனிதன் மின்ன ஆரம்பிக்கும்போது அம்மா பாதிச் சாலையில்தான் இருப்பார். எல்லா வண்டியும் தன்னையே பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

வழி காட்டியது எங்கள் புளோக்கில் இருக்கும் சீனப் பாட்டி. இருவருக்கும் பொதுவான மொழி பசார் மலாய்தான். விளக்குக் கம்பத்தில் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை கூடுதல் நேரம் எரியும். இந்த ஏற்பாடு 2009லேயே வந்துவிட்டது. சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை கூடுகிறது. அம்மா கையில் அட்டை அறுபது வயதிலிருந்தே இருக்கிறது, பஸ்ஸுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்.

இப்போது என்ன ஆயிற்று என்றால், காலையில் அந்த முனையில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் ஒரு கூட்டமே இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண், தள்ளுவண்டியோடு இரண்டு பேர். அம்மா வந்து அட்டையைத் தட்டியதும் ஊர்வலம் கிளம்பும். ஒருநாள் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அம்மா பதிலுக்கு அட்டையைக் காட்டிவிட்டு நடந்தார், போலீஸ்காரர் மாதிரி.

இதைப்போல உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ.

பஸ் கேப்டன்:

அக்கா, அந்தக் கார்க்காரர் பக்கம் இருந்தும் கொஞ்சம் சொல்றேன், நான் ஸ்டியரிங் பின்னால உக்கார்ற ஆள். ஜொகூர்ல வீடு, இங்க பஸ் ஓட்டுறேன்.

எங்களுக்குப் பெரிய பயம் நேரா போற பாதை இல்ல. வலது பக்கம் திரும்புறதுதான். நாம இடது பக்கம் ஓட்டுறதால வலது திரும்பணும்னா எதிரே வர்ற வண்டிங்களைக் குறுக்கே தாண்டணும். அம்பு இல்லாம வட்டப் பச்சை மட்டும் எரியிற சந்திப்புல, எப்ப சந்து கிடைக்கும்னு கண்ணு முழுக்க எதிர் வண்டிங்க மேலயே இருக்கும். சந்து தெரிஞ்சதும் கால் தானா அழுத்தும். நாம நுழையப்போற சாலையில அதே நேரத்துல பச்சை மனிதனும் எரிஞ்சுக்கிட்டு இருப்பான். ரெண்டு பேருக்கும் பச்சை. ரெண்டு பேர் பக்கமும் நியாயம்.

இதுல இன்னொண்ணு இருக்கு. முன் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு தூண் வரும். பஸ்ல அது தடிமனா இருக்கும். பஸ் திரும்புற வேகமும் ஆள் நடக்குற வேகமும் ஒத்துப்போச்சுன்னா அந்த ஆள் தூணுக்குப் பின்னாலேயே மறைஞ்சு வந்துக்கிட்டு இருப்பார். நிமிஷக் கணக்கா இல்ல, மூணு நாலு வினாடிதான். ஆனா அந்த மூணு நாலு வினாடிதான் எல்லாமே. அதனாலதான் நாங்க திரும்புறதுக்கு முன்னால உடம்பை முன்னாலயும் பின்னாலயும் சாய்ச்சுப் பார்ப்போம். பயணிங்களுக்குப் பார்க்க வேடிக்கையா இருக்கும்.

உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சந்திப்புல அப்படிச் சாய்ஞ்சப்பதான் ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு தெரிஞ்சது. காதுல பெரிய ஹெட்செட். தூணுக்குப் பின்னால இருந்து முளைச்ச மாதிரி வந்துச்சு. பஸ் நின்னுடுச்சு, பின்னால நின்னுக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் என்னைத் திட்டினாங்க. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் நிமிர்ந்து பார்க்கல.

அதே சந்திப்புல இப்ப சிவப்பு அம்பு போட்டுட்டாங்க. அம்பு சிவப்புன்னா திரும்பவே கூடாது, பச்சை அம்பு வர்றப்ப நடக்குறவங்களுக்குச் சிவப்பு. ஒரு சுத்துக்கு நேரம் கூடுதலாத்தான் போகுது. போகட்டும்.

கிளமெண்டி கார்காரன்:

எல்லாரும் நடப்பவர் கதையாகவே எழுதுகிறீர்கள், நான் கெட்டவனாக ஒரு பதிவு போடுகிறேன். கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கே லட்சம் வெள்ளிக்கு மேல் போய்விட்டது. 1998லிருந்து மின்னியல் சாலைக் கட்டணம் வேறு. இவ்வளவும் கட்டிவிட்டு இரவு பதினோரு மணிக்கு, எதிரே ஒரு வண்டி இல்லை, கடக்க ஓர் ஆள் இல்லை, சிவப்பு அம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பென்கூலன் ஸ்திரீட்டில் நான்கு தடம் இருந்தது, 2017ல் திரும்பத் திறந்தபோது இரண்டுதான். மிச்சம் எல்லாம் நடைபாதை, சைக்கிள் பாதை. யாருக்காக?

தேக்கா பேத்தி:

எனக்காகத்தான். வேலைக்குப் போகும் வழி அது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், டௌன்டவுன் ரயில் பாதை வேலைக்காகப் பல வருடம் தோண்டிப்போட்டிருந்த சாலை அது. அவ்வளவு காலம் குறுகிய தடங்களிலேயே போக்குவரத்து நடந்துகொண்டுதான் இருந்தது. திரும்ப நான்கு தடம் போட வேண்டியதில்லை என்று முடிவு செய்ததற்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. இப்போது அங்கே மரமும் உட்காரும் இடமும் இருக்கின்றன. மதிய வெயிலில் பாதி வழி நடந்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார முடிகிற சாலை நகரத்தில் எத்தனை இருக்கிறது?

நான் சொல்ல வந்தது வேறு கதை. என் தாத்தா தேக்காவில் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் அஞ்சடி என்னும் நடைவழி. ராஃபிள்ஸ் 1822ல் நகரத் திட்டம் போட்டபோதே ஒவ்வொரு கடைவீட்டுக்கு முன்னாலும் கூரையோடு நடைவழி விட வேண்டும் என்று வைத்த விதி அது. வெயிலுக்கும் மழைக்கும் அதைவிடப் பொருத்தமான நடைபாதை இந்த ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பேன். ஆனால் தாத்தா என்ன செய்தார்? வெங்காய மூட்டையை அங்கேதான் அடுக்கினார். பக்கத்துக் கடைக்காரர் பெட்டிகளை அடுக்கினார். அதற்கடுத்தவர் பூ கட்ட ஆள் உட்கார வைத்தார். ஆக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் மொத்த ஜனமும் சாலையில் இறங்கித்தான் நடக்கும். "ஜனங்களுக்கு ஒழுங்கில்லை" என்று அதே தாத்தா கல்லாவில் உட்கார்ந்து திட்டுவார்!

கேம்பல் லேனில் இப்போது வண்டி விடுவதில்லை. இந்திய மரபுடைமை நிலையம் 2015ல் அங்கே திறந்தது. வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். தீபாவளி நேரத்தில் வந்து பாருங்கள், கால் வைக்க இடம் இருக்காது.

இரவு ஷிஃப்ட்:

அண்ணன் அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம். இங்க ரோட்டுல கோடு போடுற வேலை. நீங்க கடக்குற வரிக்கோடு, அதுக்கு முன்னால வளைஞ்சு வளைஞ்சு வர்ற கோடு, அம்பு, எல்லாம் நாங்க போடுறதுதான். ராத்திரிதான் தடத்தை அடைக்க விடுவாங்க.

நெறைய பேரு அதைப் பெயின்ட்னு நெனைக்கிறாங்க. பொடியா மூட்டையில வரும். கொப்பரையில போட்டு 180, 200 டிகிரி வரைக்கும் உருக்கணும். அந்தக் கொழம்பை வண்டியில ஊத்தி இழுத்துக்கிட்டே போவோம், கையோட மேல கண்ணாடி மணி தூவணும். வண்டி வெளிச்சம் பட்டா கோடு மின்னுதே, அது அந்த மணிதான். சீக்கிரம் தூவினா உள்ள முழுகிடும், லேட்டானா ஒட்டாது. ரோடு ஈரமா இருந்தா எதுவுமே ஒட்டாது. இந்த ஊர்ல மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், பாதி ராத்திரி லாரிக்கு அடியில உக்காந்து பேசிக்கிட்டு இருப்போம்.

ஒரு தடவை அங் மோ கியோல வேலை. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தூக்கம் வராத ஒரு தாத்தா, பனியனோட எறங்கி வந்து பக்கத்துல நின்னு பார்த்தாரு. அப்புறம் கையைக் காட்டி, இங்க இல்ல, அங்க போடு, அங்க போடுன்னு மலாய்ல சொல்றாரு. எனக்குப் பாதிதான் புரிஞ்சது. அவரு காட்டின எடத்தைப் பார்த்தா புல்லுல ஒரு தடம். புளோக் அடியில இருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஆளுங்க நடந்து நடந்து புல்லு தேஞ்சு போயிருக்கு. நாங்க கோடு போட்ட எடம் அதுல இருந்து கொஞ்சம் தள்ளி. தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா எங்க போடணும்னு வரைபடத்துல இருக்கும், சூப்பர்வைசர் நெனைச்சாலும் மாத்த முடியாது.

கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பக்கம் லாரியில போனோம். ஜனம் புல்லுத் தடத்துலதான் கடந்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் போனப்ப அங்க செடி நட்டு மறிச்சிருந்தாங்க. செடிக்கு நடுவுலயும் ஒரு சந்து விழுந்திருந்துச்சு.

கிளமெண்டி கார்காரன்:

கடக்கும் வசதி 50 மீட்டருக்குள் இருந்தால் அதில்தான் கடக்க வேண்டும். அது சட்டம் தம்பி.

இரவு ஷிஃப்ட்:

தெரியும்ணே. தாத்தாவுக்கும் தெரியும். அவரு சட்டத்தைப் பத்திப் பேசல, பஸ் ஸ்டாப்பைப் பத்திப் பேசினாரு.

சாப்பாடு டெலிவரி:

நான் மின்ஸ்கூட்டர் ஆளாக இருந்தவன். 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று வந்தபோது எங்கள் குழுவில் நடந்த கூச்சலை எழுத முடியாது. பெடோக்கில் ஒரு சைக்கிளோட்டி அம்மா இறந்த பிறகு வந்த தடை அது. பாதை இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சைக்கிளுக்கு மாறினேன், தொடை வலித்தது, வருமானம் குறைந்தது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்று. மழை, ஆர்டர் தாமதம், கூரை நடைபாதையில் போகிறேன். முன்னால் ஒரு மலாய்க்காரப் பாட்டி ஒரு பக்கமாக ஒதுங்கி, சுவரோடு சுவராக ஒட்டி, பையை நெஞ்சோடு அணைத்து நின்றார். நான் மெதுவாகத்தான் வந்தேன், சத்தியமாக. அவருக்கு என் வேகம் முக்கியம் இல்லை. பின்னால் சத்தம் கேட்டாலே ஒதுங்கி நிற்கப் பழகியிருந்தார். தன் வீட்டுக்கு அடியில்! குழுவில் கூச்சல் போட்ட நண்பர்களிடம் இதைச் சொன்னேன், என்னைத் துரோகி என்றார்கள்.

2025 ஜூலையிலிருந்து சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருந்தால் நடைபாதையில் சைக்கிளும் கூடாது. அதில் எனக்குச் சண்டை இல்லை. சைக்கிள் பாதை திடீரென்று பஸ் ஸ்டாப்பில் போய் முடிந்துவிடுகிறதே, அதில்தான் சண்டை.

புக்கிட் மேரா:

எங்கள் பக்கம் சில்வர் ஸோன். 2014ல் தொடங்கிய திட்டம், முதியவர் அதிகம் இருக்கும் வட்டாரங்களுக்கு. நேராக இருந்த சாலையை வேண்டுமென்றே நெளித்துவிட்டார்கள், தடத்தைக் குறுக்கிவிட்டார்கள், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. டாக்சி ஓட்டும் என் மச்சான் வரும்போதெல்லாம் முனகுவான். முன்பு இதே சாலையில் வேக வரம்புப் பலகை இருந்தது, அதை அவன் ஒருநாளும் மதித்ததில்லை. இப்போது நெளிவில் அவனால் வேகமாகப் போகவே முடியாது. பலகைக்குச் செலவழித்த காசை முதலிலேயே இதற்குச் செலவழித்திருக்கலாம்.

நடுத்திட்டில்தான் அரட்டை நடக்கிறது என்பது வேறு விஷயம். பாதி கடந்துவிட்டு இரண்டு பாட்டிகள் அங்கேயே நின்று பேரன் கல்யாணம் வரை பேசுகிறார்கள். வண்டிகள் இவர்கள் கடப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் நிற்கின்றன.

தேக்கா பேத்தி:

சிரித்துவிட்டேன். தைப்பூசத்துக்கு முந்தைய இரவு பால்குடம் எடுத்து நடந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். வருடம் முழுக்க ஓரத்தில் ஒடுங்கி நடக்கிற அதே சாலையின் நடுவே நடக்கும்போதுதான் ஒரு தடம் எவ்வளவு அகலம் என்று காலுக்குத் தெரியும். சந்திப்புகளில் தொண்டூழியர்கள் எங்களை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். தலையில் குடம், காலடியில் தார், எதிரே பச்சை விளக்கு, ஆனால் எங்களுக்கு இல்லை. ஒரு தடவை வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் "முருகனுக்கே சிவப்பா" என்று கேட்டார்.

பஸ் கேப்டன்:

அன்னைக்கு நாங்க மாத்துப் பாதையில ஓட்டுவோம் தங்கச்சி. வழி தெரியாத பயணிங்க நூறு கேள்வி கேப்பாங்க. முருகன் மேல பாரத்தைப் போட்டுட்டு பதில் சொல்லுவோம்.

கிளமெண்டி கார்காரன்:

சரி, சண்டையை நிறுத்துகிறேன். உண்மையாகவே ஓர் உதவி. எங்கள் பலமாடிக் கார் நிறுத்தத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் நடைபாதை குறுக்கே போகிறது. வருபவரைப் பார்க்க ஒரு குவிகண்ணாடி வைத்திருக்கிறார்கள், அதை மரக்கிளை மறைத்துவிட்டது. சாயங்காலம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து அந்த வழியாகத்தான் ஓடுகிறார்கள். நகர மன்றமா, பூங்காவா, போக்குவரத்தா, யாரிடம் சொல்வது?

தோ பாயோ மகள்:

ஒன்சர்வீஸ் என்று அரசிடம் குறை சொல்ல ஒரு செயலி இருக்கிறது, அதில் படம் எடுத்துப் போடுங்கள். எந்தத் துறை என்று நீங்கள் தேட வேண்டாம், அவர்களே பிரித்து அனுப்புவார்கள். கிளை மட்டும் தெரியும்படி எடுக்காதீர்கள், கண்ணாடியும் நடைபாதையும் சேர்ந்து விழ வேண்டும். கார் நிறுத்தத்தின் எண்ணையும் எழுதுங்கள், புளோக் எண்ணை மட்டும் போட்டால் ஆள் வந்து தேடிக்கொண்டிருப்பார். அதுவரை வெளியே வரும்போது ஜன்னலை இறக்கிவிட்டு வாருங்கள், பிள்ளைகள் சத்தம் கேட்கும்.