குட்டி ஊதா டேன்டிலியன்: பாத்தியிலா, தொட்டியிலா?

(வேலியோரம், ஜல்லிமண்: பேசும் இரு தோட்டக்காரர்களின் புனைபெயர்கள்.)

வேலியோரம்: டேன்டிலியன் என்றால் பஞ்சுபோல விதை பறக்கும் மஞ்சள் பூச்செடி; அதில் பரோயே தீவு வகையையும் களை என்று ஒதுக்குவது அநியாயம். விதைப் பட்டியல்களில் ரூப்ரிஃபோலியம் என்றும் வருமே, அதுதான். சுமார் 10 செ.மீ. உயரம், கரும் ஊதா இலை, அதன் மேல் மஞ்சள் பூ. பிரிட்டன் பாறைத் தோட்டத்தில் நேராகவே நடலாம். பூ வாடியதும் கிள்ளினால் போச்சு.

ஜல்லிமண்: அந்தக் "கிள்ளினால் போச்சு"தான் சிக்கல். வாடிய பூ மூடிக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் மொட்டு மாதிரியே நிற்கும். இன்னும் பூக்கவில்லை என்று விட்டுவிடுவோம். நுனியில் வெள்ளைப் பஞ்சு எட்டிப்பார்த்தால் அடுத்த நல்ல வெயிலில் விரிந்து பறந்துவிடும்.

வேலியோரம்: பஞ்சு தெரியுமுன் கிள்ள வேண்டியதுதானே?

ஜல்லிமண்: கிள்ளி எங்கே போடுவீர்கள்? உரக்குழியில் போட்டால் பறித்த பூவிலேயே விதை முற்றிவிடும். வட ஐரோப்பிய டேன்டிலியன்களில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை பிடிப்பவை.

வேலியோரம்: அதில் ஒரு லாபமும் உண்டு. கலப்பு நடக்காததால் நாற்று தாயைப் போலவே வரும். விதையை மூடாமல் ஈர மண் மேல் தூவுங்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். 15 முதல் 20 டிகிரி போதும். பாத்தியில் தானாக முளைத்ததையும் நிறத்தை வைத்தே பிடுங்கிவிடலாம்.

ஜல்லிமண்: விதையிலை பச்சைதானே ஐயா. நிறம் தெரிவதற்குள் ஆணிவேர் இறங்கியிருக்கும். இழுத்தால் அறும், உள்ளே தங்கிய 2 செ.மீ. துண்டுகூடத் துளிர்க்கும், சில சமயம் இரண்டு மூன்று தலையாக. அதனால்தான் தொட்டி என்கிறேன். 20 செ.மீ.யாவது ஆழம் வேண்டும். தோட்டமண் 2 பங்கு, இலைமட்கு 1, பொடிஜல்லி 1. தழைச்சத்து உரம் வேண்டாம்: இலை பருத்துப் பச்சையடிக்கும், அப்புறம் சாதாரணக் களையேதான். நிழலிலும் ஊதா மங்கும்.

வேலியோரம்: தொட்டி மட்டும் காப்பாற்றுமா? மண்தரையில் வைத்தால் வேர் அடித்துளை வழியாக இறங்கிவிடும். தொட்டியை நகர்த்தும்போது அறுந்த வேர் தரையில் தங்கி, நீங்கள் பயப்படும் செடி பாத்தியிலேயே முளைக்கும்.

ஜல்லிமண்: சரிதான். கல்பலகை மேல் வையுங்கள், அடியை மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தொட்டியானாலும் பூவைக் கிள்ளத்தான் வேண்டும், விதை காற்றில் போகுமே. கிள்ளியது குப்பைப் பைக்கு.

வேலியோரம்: இவ்வளவு காவல் காப்பதற்குப் பாத்தியே மேல்!