புதுப்பிப்பு: ஹைரூல் வாரியர்ஸ் – டொடோங்கோவும் கோட்டையும்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஹைரூல் வாரியர்ஸ் வீடியோ கேமில், கிங் டொடோங்கோ என்ற பெரிய பல்லி அரக்கனோடு மல்லுக்கட்டும் நேரத்தில் மறுகோடியில் நம் கோட்டை பறிபோகிறதே, என்ன செய்ய என்று கேட்டிருந்தேன். என்னிடம் இருப்பது நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவிக்கு 2018இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன். பெங்களூரு நேஷனல் மார்க்கெட்டில் பழைய கார்ட்ரிட்ஜாக வாங்கியது.

வேலை செய்தது, மேப்பைத் திறந்து நம் பக்கத்து மற்ற வீரர்களுக்குக் கட்டளை கொடுக்கச் சொன்னவரின் யோசனை. இம்பா என்ற வீராங்கனையைக் கோட்டைக்கு அனுப்பிவிட்டு, நாயகன் லிங்கோடு டொடோங்கோவிடம் போனேன். அது நெருப்புக் கக்க வாயைப் பிளக்கும்போது குண்டை உள்ளே எறிய வேண்டும். சுருண்டு விழும், தலைமேல் ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் தீரும்வரை விடாமல் அடித்தால் பெரிய அடி தானாக விழும். மற்ற நேரத்தில் வாளை வீசுவது வீண். பயிற்சிக்கூடத்தில் ரூபி (கேமுக்குள் சேரும் காசு) கொடுத்து வீரர்களின் லெவலை ஏற்றவும் சிலர் சொன்னார்கள். அதுவும் உதவும், ஆனால் ரூபி கரைந்துவிடும்.

எதிர்பாராதது: தம்பியோடு திரையைப் பிரித்து ஆடினால் படம் திக்குகிறது. கூட்டம் கூடினால் இன்னும் மோசம். எதிரியின் மேல் பூட்டிய கேமராவும் சுவரோரம் சண்டித்தனம் செய்கிறது.

ஆனாலும் மிட்னா, ரூட்டோ, ஃபி என செல்டா கேம் வரிசையின் வெவ்வேறு கதைகளின் ஆட்கள் ஒரே களத்தில், ஆளுக்கொரு சண்டைப் பாணியோடு! அதற்காகவே விற்க மனசில்லை. கதைக்கு வெளியே தனித்தனிச் சண்டைகளாக வரும் அட்வென்சர் மோடில் ஒரே மாதிரி வேலைதான், சரி, கொஞ்சம் கொஞ்சமாக ஆடலாம்.