வாக்-ஆன் பையன்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

லிங்கனில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தபோது இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுப்பது என் வேலை. அதில் ஒரு பையன் எப்போது பார்த்தாலும் முழங்கையிலோ தோளிலோ ஐஸ் பையைக் கட்டிக்கொண்டுதான் வருவான். ஃபுட்பால் டீமில் இருந்தான். (அமெரிக்க ஃபுட்பால், நம்ம ஊர் கால்பந்து இல்லை.) ஆனால் ஸ்காலர்ஷிப் கிடையாது, எந்தக் கோச்சும் வீடு தேடிப் போய் அழைக்கவில்லை, தானாகப் போய்ச் சேர்ந்த வாக்-ஆன். மாநிலத்தின் மேற்குக் கோடியில் சோளமும் மாடும் வைத்திருக்கிற குடும்பம், ஃபீஸை அப்பா கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மேட்சில் இறங்குவாயா என்று கேட்டால் சிரிப்பான். அவனுக்கு மேட்ச் எல்லாம் வார நாட்களில்தான். அந்த வாரம் மோதப்போகும் டீம் எப்படி ஆடும் என்று படித்து வைத்துக்கொண்டு, அவர்களைப் போலவே ஆடிக்காட்டி, நம்ம முதல் வரிசை ஆட்களிடம் இடி வாங்க வேண்டும். அதற்கு ஸ்கவுட் டீம் என்று பெயர்.

அந்த ஊரில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், நெப்ராஸ்காவின் மொத்த ஜனத்தொகையே இருபது லட்சத்தைத் தொட்டும் தொடாமலும்தான் இருக்கும், டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி உள்ளூரிலேயே நட்சத்திரங்களைப் பொறுக்கி எடுக்க முடியாது. 1973 முதல் 1997 வரை கோச்சாக இருந்த டாம் ஆஸ்பர்ன் சின்ன ஊர்ப் பையன்களைக் கூட்டம் கூட்டமாக வாக்-ஆனாகச் சேர்த்தார். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கிற என்.சி.ஏ.ஏ., ஒரு டீமுக்கான ஸ்காலர்ஷிப் வரம்பை 105, 95, 85 என்று படிப்படியாக இறக்கிய காலத்திலும் இங்கே ஆள் குறையவில்லை, ஒரே நேரத்தில் மைதானத்தில் பல இடங்களில் பயிற்சி நடக்கும். 1994, 1995, 1997 என்று மூன்று தேசியப் பட்டம். எல்லாம் நம்ம பையன்கள் உழைப்பு என்பார்கள் ஊரில். பாதி உண்மை. 1995 டீமின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) டாமி ஃப்ரேசியர் ஃப்ளோரிடாவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆள், அதை மறந்துவிடுவார்கள்.

* * *

நான் இருப்பது விஸ்கான்சினில் மேடிசன். இங்கே, பின்னால் பெரிய நட்சத்திரமான ஜே.ஜே. வாட் பெயரைச் சொல்லாமல் யாரும் வாக்-ஆன் பேச்சை முடிக்க மாட்டார்கள். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கையிலிருந்த ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு, நடுவில் பீட்சா டெலிவரி பண்ணி, விஸ்கான்சினில் வாக்-ஆனாகச் சேர்ந்தார். தொழில்முறை டீம்கள் கல்லூரி ஆட்களைப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்டில், 2011இல் 11ஆவது ஆளாக ஹூஸ்டன் டீம் அவரை எடுத்தது. என் ஆபீஸில் ஒரு பெரியவர், அவர் மகனும் ஒரு காலத்தில் வாக்-ஆன்தான், இந்தப் பீட்சா கதை வந்தாலே எரிச்சலாகிவிடுவார். வாட் ஆறடி ஐந்து அங்குலம், என் பையன் ஐந்தடி பத்து, உழைப்பில் என்ன குறை வைத்தான் அவன் என்று கேட்பார். நியாயம்தானே? வாட்டும் சரி, ஓக்லஹோமாவுக்கு வாக்-ஆனாக வந்து 2017இல் அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கிய பேக்கர் மேஃபீல்டும் சரி, திறமை இல்லாமல் உழைப்பால் மட்டும் மேலே வந்தவர்கள் இல்லை. திறமை கண்ணெதிரே இருந்தும் ஆள் தேடப்போனவர்கள் கோட்டை விட்டார்கள், அவ்வளவுதான்.

* * *

ஜார்ஜியாவிலிருந்து எழுதுகிறேன். 2021 சீசனில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கிற ஏதென்ஸ் ஊரில் மேட்சுக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் கிரில் போட்டு நிற்போம், பக்கத்துக் கூட்டம் முழுக்க எங்கள் குவாட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட்டைத் திட்டிக்கொண்டிருக்கும். வாக்-ஆனாக வந்து, இடையில் மிசிசிப்பியில் ஜூனியர் காலேஜ் போய்த் திரும்பிவந்தவனை வைத்துக்கொண்டு அலபாமாவை ஜெயிக்க முடியுமா, பள்ளியிலேயே மிக உயர்ந்த தரம் பெற்ற ஃபைவ்-ஸ்டார் ஆள் ஜே.டி. டேனியல்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரே புலம்பல். ஜனவரி 2022 தேசிய இறுதி மேட்சில் அலபாமாவை 33-18, அடுத்த வருஷ இறுதியில் டி.சி.யு.வை (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 65-7 என்று ஜெயித்தோம். இப்போது அதே ஆட்கள் அப்பவே எங்களுக்குத் தெரியும் என்கிறார்கள்! அந்த 2021 டிஃபென்ஸிலிருந்து மட்டும் ஐந்து பேர் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். பெரும்பாலான மேட்சில் எதிரணி 10 பாயிண்ட் தாண்டவே திணறியது. பென்னட் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவரைத் தாங்கி நின்றது முழுக்க ரெக்ரூட் கூட்டம், அதாவது கோச்சுகள் தேடிப்போய் ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்துவந்தவர்கள்.

* * *

மேலே எழுதிய லிங்கன்காரன் மறுபடியும். ஜார்ஜியா நண்பர் சொன்னதில் எனக்குச் சண்டையே இல்லை, பட்டம் ஜெயிக்க ரெக்ரூட் வேண்டும். ஆனால் அந்த ரெக்ரூட் செவ்வாய்க்கிழமை யாரை இடித்துப் பழகுவான்? கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டால் 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போய், டீமில் மொத்தமே 105 பேர்தான் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் 120, 130 பேர் வைத்திருந்த டீம்கள் உண்டு, அங்கெல்லாம் முதலில் யாரை அனுப்புவார்கள் என்று சொல்லவே வேண்டாம். என்கூட வேலை பார்ப்பவரின் மகனை ஒரு பெரிய கல்லூரியில் கூப்பிட்டு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உடன்பாட்டை ஏற்கும் முன் நீதிபதி அழுத்தம் கொடுத்ததால், இப்படி வெளியே போனவர்களைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு வந்தது, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கல்லூரிக்கும் இல்லை. இவனுக்கு யாரும் ஃபோன் பண்ணவில்லை. இப்போது அடுத்த நிலையான டிவிஷன் 2 கல்லூரி ஒன்றில் சேர்ந்து சனிக்கிழமைகளில் உண்மையிலேயே களத்தில் இறங்குகிறான், ஃபீஸிலும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்களாம். நெப்ராஸ்கா, விஸ்கான்சின் பக்கம் இந்த 105இல் வாக்-ஆனுக்கு எத்தனை இடம் ஒதுக்குகிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.