மறுமொழி: ‘ஈக்வால் உற்பத்தியாளர்’ என்பதற்கு மாற்றாக ‘விளைகுடல்’

குழும நண்பர்களுக்கு வணக்கம். புதிதாகப் படிப்போருக்கு ஒரு வரி: பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல ஓரளவு செயல்படும் தாவரப் பொருள்தான் தாவர ஈஸ்ட்ரோஜன்; சோயாவிலுள்ள அப்படிப்பட்ட ஒரு பொருளிலிருந்து சிலர் குடலில் உண்டாவது ஈக்வால்.

> தாவர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அதற்குக் காரணமான இரு பிரிவினரை ‘ஈக்வால் உற்பத்தியாளர்’, ‘உற்பத்தி செய்யாதோர்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துகிறதா?

ஐயா, உங்கள் கட்டுரையில் “உற்பத்தியாளர்களின் சிறுநீரில் ஈக்வால் மிகுந்திருந்தது” என்று ஒரு வரி வருகிறது. அதை என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “மாத்திரை செய்கிற கம்பெனிக்காரர்களையா சோதித்தார்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. உற்பத்தியாளர் என்றதும் நம் காதில் ஆலையும் முதலாளியும்தான் விழுகிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சொல் செயலை ஆளின் மேல் ஏற்றிவிடுகிறது என்பது. சோயாவில் டெய்ட்சீன் என்ற தாவர ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய வடிவத்தில் இருக்கிறது. குடலில் சர்க்கரை கழன்று டெய்ட்சீன் வெளிப்படுகிறது. அங்கிருந்து வழி பிரிகிறது. அதற்குரிய பாக்டீரியாக்கள் குடியிருந்தால் அது படிப்படியாக ஈக்வால் ஆகும். இல்லாவிட்டால் வேறொரு பொருளாக மாறும், அல்லது டெய்ட்சீனாகவே நின்றுவிடும். மனித உடலின் செல் எதற்கும் ஈக்வால் செய்யத் தெரியாது. சோயாப் பால்மாவில் வளரும் பச்சிளங்குழந்தையிடம் டெய்ட்சீன் ஏராளமாக இருந்தும் ஈக்வால் அநேகமாக இருக்காது. அந்த நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை.

மேலைநாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டினருக்கும், ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் 50 முதல் 60 விழுக்காட்டினருக்கும் ஈக்வால் உண்டாகிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து பற்றும் செல் புரதங்களான ஏற்பிகளில், குறிப்பாக 1996இல் கண்டறியப்பட்ட பீட்டா வகையில், டெய்ட்சீனைவிட ஈக்வால் வலுவாகப் பற்றுகிறது. ஒரே புட்டி மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளும் அக்கா தங்கையின் இரத்தத்தில்கூட வேறுவேறு பொருள்கள் ஓடலாம். இந்த வேறுபாடு எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தைச் சொல் சுட்ட வேண்டும் என்பதே என் கட்சி.

அதனால் என் முன்மொழிவு: ஈக்வால் விளைகுடல்.

விளைநிலம் நமக்குப் பழகிய சொல். நிலம் நெல்லைச் செய்வதில்லை, நிலத்தில் நெல் விளைகிறது. குடலும் அப்படித்தான். விளைவித்தல் என்றால் செய்பவர் ஒருவர் வேண்டும், விளைதல் என்றால் இடமும் வித்தும் போதும். இன்னொரு வசதியும் உண்டு. வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்கும். குடல் நுண்ணுயிர்க் கூட்டமோ நிலையானதன்று. ஆன்டிபயாட்டிக் மருந்து அதைக் கலைத்துப் போடக்கூடும். நேற்று விளைந்ததா, இன்று விளைகிறதா, இனி விளையுமா என்று கட்டிப்போடாத சொல் இங்கே மிகவும் பொருத்தம்.

> எதிர்ச்சொல்லாகத் ‘தரிசுக் குடல்’ என்று வைக்கலாமே.

வேண்டாம், அக்கா. ஈக்வால் விளையாதது நோயோ குறையோ அல்ல. அவர்களுக்கும் சோயாவின் இன்னொரு தாவர ஈஸ்ட்ரோஜனான ஜெனிஸ்டீன் போய்ச் சேர்கிறது, அதற்கென்று செயலும் உண்டு. தரிசு என்ற சொல் பெண்ணுடலின் மேல் ஏற்கெனவே எவ்வளவு வலியைச் சுமத்தியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பெண் படிக்கப்போகும் கட்டுரையில் அது வரவே கூடாது. ‘விளையாக் குடல்’ போதும்.

விளைகுடல் என்றாலே நன்மை என்ற எண்ணமும் வந்துவிடக் கூடாது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ப் புல்லை மேய்ந்த பெண் ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. புல்லிலிருந்த பொருள் அவற்றின் இரைப்பையில் ஈக்வாலாக மாறியதுதான் காரணம். உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு, எந்த வயது, எந்த அளவு மாத்திரை என்பவற்றுக்கும் பங்கு உண்டு. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

> ஈக்வாலையே தமிழாக்கினால் என்ன? குதிரையிலிருந்து வந்த பெயர்தானே.

ஆமாம், 1932இல் சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்ததால் வந்த பெயர். ஆனால் மூலக்கூறின் பெயரை மாற்றினால் படிப்பவர் மேற்கொண்டு எதையும் தேடிப் பிடிக்க முடியாது. ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.

‘விளைகுடல்’ இதற்கு மட்டும் பயன்பட்டு ஓய்ந்துவிடாது. ஆளிவிதையிலுள்ள லிக்னான்கள் என்ற தாவரப் பொருள்களைக் குடல் பாக்டீரியாக்கள் என்ட்டரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. அதன் அளவும் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுகிறது. அங்கேயும் என்ட்டரோலாக்டோன் விளைகுடல் என்று எழுதலாம்.

எனக்கு இன்னும் முடிவாகாதது ஆளைக் குறிக்கும் வடிவம். ‘விளைகுடலர்’ அட்டவணைத் தலைப்பில் அடங்கும், ஆனால் செவிக்குக் கரடாக இருக்கிறது. ‘விளைகுடல் உடையோர்’ இயல்பாக ஒலிக்கிறது, ஆனால் நீளம். உங்கள் வரியை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

“ஈக்வால் விளைகுடல் உடையோரின் சிறுநீரில் ஈக்வால் மிகுந்திருந்தது, விளையாக் குடல் உடையோரிடம் டெய்ட்சீன் ஈக்வாலாக மாறவில்லை.”

மருத்துவம் எழுதும் நண்பர்கள் இதைத் தங்கள் பத்திகளில் ஓரிரு இடத்தில் வைத்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்