ஹசாரா நண்பருக்கு ஆதரவுக் கடிதம்: என்ன எழுதலாம்?

நிலாந்தன் (டண்டினோங், மெல்பேர்ண்):
எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஆப்கானிஸ்தானில் ஜாகோரிக்காரர், அங்கே ஒடுக்கப்படும் ஹசாரா என்ற சிறுபான்மை இனத்தவர். எங்கட தமிழ் ஆட்கள் கன பேரைப் போல அவரும் படகில் வந்தவர். தற்காலிக விசாவில் வருசக்கணக்காக இழுபட்டு, 2023 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரசு கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகுதான் நிரந்தர விசா கிடைத்தது. மனைவியும் பிள்ளைகளும் பாகிஸ்தானில், குவெட்டாவின் ஹசாரா டவுனில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாகிஸ்தான் விசா முடிந்துவிட்டது. 2023 கடைசியில் ஆவணமில்லாத ஆப்கானியரைத் திருப்பி அனுப்பத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளை வெளியே விடவே பயப்படுகிறார்கள். கடைசி மகனைக் கைக்குழந்தையாக விட்டு வந்தவர். இப்ப அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. தேத்தண்ணி இடைவேளை முழுக்க நண்பர் போனில் அவர்களோடுதான்.

குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்கிறார், என்னிடம் ஒரு கடிதம் கேட்டார். என்ன எழுதினால் பலன்? எங்கட தமிழ்ச் சங்கமும் ஏதும் செய்யலாமோ?

சுபா:
கட்டாயம் எழுதுங்கள் தம்பி. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். எத்தனை வருசமாகத் தெரியும், எப்படித் தெரியும், வீட்டுக்குக் காசு அனுப்புவதைக் கண்டிருந்தால் அது. அந்தத் தேத்தண்ணி இடைவேளையை விடாதீர்கள். இத்தனை வருசம் பிரிந்திருந்தும் குடும்ப உறவு அறுந்துபோகவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. ஹசாராக்களின் முழு வரலாறும் உங்கள் கடிதத்தில் வேண்டாம். 1998 மசார்-இ-ஷரிப் படுகொலையை, 2013 குவெட்டா குண்டுவெடிப்புகளைச் சட்டத்தரணி எடுத்து வைப்பார்.

எந்த விசா, எந்தப் படிவம் என்று மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுக்கப் போகாதீர்கள். பதிவுபெற்ற முகவரோ சட்டத்தரணியோ அல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது அவுஸ்திரேலியாவில் குற்றம். மெல்பேர்ணில் ரெஃபியூஜி லீகல் போன்ற இலவச சட்ட உதவி அமைப்புகள் இருக்கின்றன, அங்கே அனுப்புங்கள்.

ரவி அண்ணா:
சுபா சொன்னதோடு ஒன்று. பிள்ளைகளின் வயது, பிறந்த திகதி எதையும் கடிதத்தில் போட வேண்டாம். ஆப்கானியரின் பழைய கடதாசி அடையாளப் பத்திரம், தஸ்கிரா, கனக்க இடத்தில் பிறந்த திகதியே சொல்லாது. '1390இல் 22 வயது' என்ற மாதிரித்தான் எழுதியிருக்கும். அது அவர்களின் சூரிய ஆண்டு, மார்ச்சில் தொடங்கும். நாங்கள் மனக்கணக்காக மாற்றினால் ஒரு வருசம் முன்பின்னாகப் போகும். பிறகு ஒரு தாளுக்கும் மற்றத் தாளுக்கும் பொருந்தவில்லை என்று அதிகாரி பிடித்துக்கொள்வார். எத்தனை குடும்பம் இதில் தடக்குப்பட்டதோ!

சட்டத்தரணியிடம் போகும்போது அவர்களின் மொழியான ஹசாராகிக்கு உரைபெயர்ப்பாளர் என்று பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். ஆப்கானியர் என்றதும் பஷ்டோ பேசுபவரைப் பிடித்துக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. 131 450 என்ற அரச தொலைபேசிச் சேவையில் ஹசாராகி இருக்கிறது.

மாலதி:
சங்கம் செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் ஹசாரா அமைப்புகளிடம் போய் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள். 2022 செப்டெம்பரில் காபூலில் ஹசாராக்கள் வாழும் பகுதியில் இருந்த காஜ் கல்வி நிலையத்தில் குண்டு வெடித்து 50க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், செத்தபோது உலகம் முழுக்கத் தெருவில் இறங்கியவர்கள் அவர்கள். போராட நாங்கள் பழக்கிவிடத் தேவையில்லை. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இரண்டு சமூகமும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைக்கலாம். குடும்பங்களைச் சேர்ப்பதை விரைவுபடுத்துவது ஒரு கோரிக்கை. 2023 மாற்றத்தில் விடுபட்டவர்கள் இன்னொன்று, அதில் எங்கட சனமும் இருக்கிறது.

தயவுசெய்து அந்தக் குடும்பத்தின் படத்தை மட்டும் முகநூலில் போடாதீர்கள். அவர்கள் இன்னும் குவெட்டாவில்தான் இருக்கிறார்கள்.

நிலாந்தன்:
மூவருக்கும் மிக்க நன்றி. திகதி விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. கடிதத்தை எழுதி, நண்பருக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சட்டத்தரணியிடம் கொடுக்கிறேன். மாலதி அக்கா, ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு வரமுடியுமா? நண்பரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவரே பேசட்டும்.