ரத்தப் பரிசோதனையில் குறட்டை தெரியாது

கோவைக்காரன்:
வயது 43, உயரம் 170 செ.மீ., எடை 104 கிலோ. அலுவலகத்தில் வருடா வருடம் மாஸ்டர் செக்கப் உண்டு. ஆறு வருடமாகச் சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றும் வரம்புக்குள். உடம்பைக் குறை என்று யாராவது வாய் திறந்தால் போதும், போனில் இருக்கும் ரிப்போர்ட்டை நீட்டிவிடுவேன்.

மாட்டிக்கொண்டது ஒரு கல்யாண மண்டபத்தில். ராத்திரி ஒரே அறையில் படுத்திருந்த சகலை, காலையில் தனியாகக் கூப்பிட்டு, "சகலை, தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்குதுங்க. பயந்துபோய் மூக்குல கை வெச்சுப் பார்த்தேனுங்க" என்றார். மனைவி இதையே நாலு வருடமாகச் சொல்கிறாள். (அவள் சொல்லிக் கேட்காதவன் சகலை சொன்னதும் கிளம்பியதற்கு இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.)

ஆஸ்பத்திரியில் தலை, நெஞ்சு, விரல் என்று ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். 10 விநாடியாவது மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ அது ஒரு தடவை. மணிக்கு 5-க்குள் இருந்தால் பரவாயில்லை, 30 தாண்டினால் தீவிரம். எனக்கு 38. கழுத்திலும் நாக்கிலும் சேர்ந்த கொழுப்பு, தூக்கத்தில் தசை தளர்ந்ததும் மூச்சு போகும் வழியை அடைத்துவிடுகிறதாம். சுகர் இல்லாதவருக்கும் வரும் என்றார் டாக்டர். இப்போது மூச்சு வழி அடைக்காமல் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷினின் மாஸ்க் போட்டுத்தான் தூக்கம். மதிய மீட்டிங்கில் சொக்கியதற்கு இத்தனை நாள் சாம்பார் சாதத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மதுரை அக்கா:
எனக்கு முட்டி, தம்பி. 82 கிலோ, சுகர் கிடையாது. 47 வயதிலேயே எக்ஸ்ரேயில் தேய்மானம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையுமாம். 9 கிலோ குறைத்த பிறகுதான் மறுபடி குனிந்து கோலம் போடுகிறேன்.

தஞ்சை வாசகர்:
எங்கள் பெரியப்பா நூறு கிலோ. 81 வயது வரை வயலுக்குப் போனார். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

மருந்தாளுநர்:
பெரியப்பாவுக்கு நல்ல உடல்வாகு, சரி. ஆனால் பிரிட்டனில் 35 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. சுகர், பிரஷர், கொழுப்புக் கோளாறு எதுவும் இல்லாத பருமனானவர்களுக்கும், அதேபோல் கோளாறு இல்லாத சரியான எடைக்காரர்களைவிட இதய ரத்தக்குழாய் நோய் 49 சதவீதம் கூடுதல். இதயம் பலவீனமாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. அமெரிக்கச் செவிலியர்களை நெடுநாள் கவனித்த ஆய்வில், இப்படி ‘நார்மல்’ ரிப்போர்ட் வைத்திருந்த பருமனான பெண்களில் 84 சதவீதம் பேருக்கு 20 வருடத்துக்குள் அந்த மூன்று கோளாறில் ஏதோ ஒன்று வந்துவிட்டது. எடையோடு இடுப்பையும் அளந்து பாருங்கள். நம் ஆட்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

கோவைக்காரன்:
எனக்கு 112. அந்த 84 சதவீதத்தில் நானும் சேர்ந்துவிடுவேன் போலிருக்கிறது. போன வாரம் வந்த மூன்று மாத சராசரிச் சுகர் 5.8, வரம்பை லேசாகத் தாண்டிவிட்டது. இந்த வருட ரிப்போர்ட்டை இன்னும் யாருக்கும் நீட்டவில்லை.

தஞ்சை வாசகர்:
அந்தத் தூக்க டெஸ்டுக்கு ராத்திரி அங்கேயே தங்க வேண்டுமா?

கோவைக்காரன்:
நான் ஒரு ராத்திரி தங்கினேன். தலையணையை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.