தனி ஆளாக உருவாக்கிய முதல் மென்பொருளுக்கு எப்படி விலை வைப்பது?

கேள்வி:
கேமரா, லென்ஸ், விளக்கு போன்ற படப்பிடிப்புக் கருவிகளை வாடகைக்கு விடும் சிறு நிறுவனங்களுக்காக, எந்தக் கருவி யாரிடம் இருக்கிறது, என்றைக்குத் திரும்பி வரும் என்பதைப் பதிவு செய்யும் இணையச் செயலி ஒன்றை நான் ஒருவனே உருவாக்கி வருகிறேன். முன்பதிவுப் பகுதி தயார். பில் போடும் பகுதி முடியவில்லை. மாதம் 5 டாலரில் தொடங்கிப் பிறகு உயர்த்தலாமா, அல்லது பயனர் ஒருவருக்கு இவ்வளவு என்று வைக்கலாமா?

பதில் 1:
5 டாலர் வேண்டாம். இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம், அமெரிக்காவில் வாடிக்கையாளர் அட்டை வழியாகச் செலுத்தும் ஒவ்வொரு தொகையிலும் 2.9 சதவீதமும் 30 சென்டும் எடுத்துக்கொள்கிறது. 5 டாலரில் அது ஏறத்தாழ 9 சதவீதம். 50 டாலரில் 3.5 சதவீதம்தான். அதைவிடப் பெரிய செலவு உங்கள் நேரம். 50 டாலரில் வரும் அதே வருமானத்துக்கு, 5 டாலரில் பத்து மடங்கு வாடிக்கையாளர்கள் தேவைப்படுவார்கள். கடவுச்சொல் மறந்தவருக்கும், பழைய எக்செல் கோப்பை ஏற்றித் தரச் சொல்பவருக்கும் நீங்கள் ஒருவரே பதில் எழுத வேண்டியிருக்கும். விலை குறைந்தால் கேள்வியும் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பதில் 2:
விலையை உயர்த்துவதில் உடன்படுகிறேன், ஆனால் பயனர் ஒருவருக்கு இவ்வளவு என்ற விலை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. கடையில் உள்ள நால்வரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வார்கள். பிறகு லென்ஸை யார் எடுத்துக்கொடுத்தார் என்ற பதிவே பயனற்றதாகிவிடும், அதற்காகத்தானே உங்கள் செயலியை வாங்குகிறார்கள்? கருவிகளின் எண்ணிக்கைப்படி விலைப் படிநிலைகள் வையுங்கள். அதிலும் வரிசை எண் உள்ளவற்றை மட்டும் கணக்கிடுங்கள். கேபிளுக்கும் பேட்டரிக்கும் காசு என்றால் அவற்றைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுவார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பில் பகுதி முடியும்வரையாவது இலவசமாகத் தரலாம் அல்லவா? அரைகுறைப் பொருளுக்குக் காசு கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில் 1:
இலவசமாகப் பயன்படுத்துபவர் பாராட்டுவார். காசு கொடுப்பவர்தான் எது இல்லாமல் வேலை நிற்கிறது என்று சொல்வார். பெரும்பாலானோரிடம் கணக்குக்கெனத் தனி மென்பொருள் ஏற்கெனவே இருக்கும் என்பதால், வாடகை விவரத்தைக் கோப்பாக இறக்கித் தரும் வசதியே இப்போதைக்குப் போதும். காலக்கெடு உள்ள சோதனைக் காலம் கொடுங்கள், ஆனால் 7 நாள் அல்ல, 30 நாள். கருவி வெளியே போய், தாமதமாகத் திரும்பி, அடுத்த முன்பதிவோடு மோதும் ஒரு சுற்றையாவது அவர்கள் பார்க்க வேண்டும். பின்னர் விலையை உயர்த்தினாலும் முதலில் சேர்ந்தவர்களுக்குப் பழைய விலையே எத்தனை காலம் தொடரும் என்பதை இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.